கல்யாணம் ஆகவில்லை என்பதற்குச் சாட்சி

திலீபனும் பூர்ணிமாவும் நான்கு வருஷமாகத் தலைகீழாக நின்று விருத்தாசலத்தை ஒரே ஒரு விஷயத்தில் நம்ப வைத்திருந்தார்கள். தாங்கள் புருஷன் பெண்டாட்டி என்பதுதான் அது. ஊரும் நம்பித் தொலைத்தது. இப்போது இங்கிலாந்து அரசாங்கம் குறுக்கே வந்து நின்றுகொண்டு, நீங்கள் கல்யாணம் ஆகாதவர்கள் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்கிறது. எங்கே போய் முட்டிக்கொள்வது?

பொய் சொல்ல ஆசைப்பட்டுச் சொன்னவர்கள் இல்லை அவர்கள். பூர்ணிமாவுக்குச் சொந்த ஊர் கம்மாபுரம். இருபது வயதில் ஸ்ரீமுஷ்ணத்து ராஜ்மோகனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவன் இரண்டு வருஷம் வைத்திருந்துவிட்டு வேறொருத்தியைக் கூட்டிவந்து, இவளை நடு மத்தியானத்தில் வெளியே அனுப்பினான். அனுப்பியவன் விடுதலையாவது கொடுத்தானா என்றால் அதுவும் கிடையாது. இவள் விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டாள். அவன் வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கினான். வக்கீலை மாற்றுவான், மஞ்சள் காமாலை என்பான், சம்மனே வரவில்லை என்பான். தான் மட்டும் வாழ்ந்துகொண்டு அடுத்தவளை வாழவிடாமல் வைத்திருப்பதில் சில ஆண்களுக்கு ஒரு தனி ருசி உண்டு.

பிழைப்புக்கு வழி வேண்டுமே என்று செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு வேலைக்கு வந்தாள். பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை வைக்கோல் வைத்து உடையாமல் பெட்டியில் அடுக்கும் வேலை. அங்கே சூளைக்குப் பொறுப்பாக இருந்தவன் திலீபன். செராமிக் படிப்பு முடித்தவன், நிதானமானவன், அவள் கதையைக் கேட்டுவிட்டு ஒருநாளும் திருப்பிச் சொல்லிக் காட்டாதவன். கோர்ட்டு விடுதலை கொடுத்ததும் பதிவு செய்துகொள்ளலாம் என்று முதலில் காத்திருந்தார்கள். அந்தக் கோர்ட்டை நம்பினால் அறுபதாம் கல்யாணத்தைத்தான் முதல் கல்யாணமாகச் செய்துகொள்ள வேண்டும் என்று புரிந்த பிறகு வீடு தேட ஆரம்பித்தார்கள்.

தேடிய இடமெல்லாம் ஒரே கேள்விதான். "கல்யாணம் ஆயிடிச்சா?" திலீபன் அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டுக்காரன் மாதிரி, "இன்னும் இல்லீங்க" என்பான். கதவு சாத்திக்கொள்ளும். இப்படி மூன்று தெரு ஏறி இறங்கிக் கால் கடுத்துப்போய், பூர்ணிமா கோயில் வாசல் கடையில் ஒரு மஞ்சள் கயிறும் ஒரு துண்டு விரலி மஞ்சளும் வாங்கினாள். "இதக் கட்டுங்க, போவலாம்" என்றாள். பழமலைநாதர் கோயில் மதில் ஓரமாக, பஸ் ஹாரனுக்கு நடுவில் அவன் கட்டினான். அடுத்துப் போய்க் கேட்ட வீடு அமிர்தத்தின் வீடு. அவள் பூர்ணிமாவின் கழுத்தைப் பார்த்தாள். சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அமிர்தத்துக்கு அப்போதே ஐம்பதைத் தொடும் வயது. புருஷன் கலியமூர்த்தி இருந்தாலும் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். வாயும் பெரிது, மனசும் பெரிது. பின்பக்கத்துப் போர்ஷனில் குடிவந்த பெண்ணை ஒரு மாதத்திலேயே தன் பெண்ணாக ஆக்கிக்கொண்டாள். குழம்பு வந்தது, பூ வந்தது, திட்டும் வந்தது. ஆடிப் பதினெட்டுக்கு மணிமுத்தாற்றங்கரைக்குக் கூட்டிப்போய் பூர்ணிமாவுக்குத் தாலிக்கயிற்றைத் தன் கையாலேயே மாற்றிக் கட்டுவாள். மகள் அம்சவல்லிக்கு வளைகாப்பு வந்தபோது, "இதுங்க ரெண்டும் எப்படி ஒத்துமையா இருக்குதுங்க பாரு" என்று சொந்தக்காரப் பெண்களையெல்லாம் விட்டுவிட்டுப் பூர்ணிமாவைத்தான் முதல் வளையல் போடச் சொன்னாள். பூர்ணிமா ஒருமுறை பின்வாங்கிப் பார்த்தாள். போட்டாள். வேறென்ன செய்வாள்? அமிர்தத்தை அத்தை என்றுதான் கூப்பிட்டாள், வாய் வார்த்தைக்காக இல்லாமல் மனசோடு.

அமிர்தம்தான் தாலுக்கா ஆபீஸில் நின்று ரேஷன் கார்டு வாங்கிக் கொடுத்தவள். அதில் பூர்ணிமா, மனைவி. வாக்காளர் அட்டையில் கணவர் பெயர் திலீபன். கேஸ் கனெக்ஷனிலும் அப்படியே. ஒவ்வொரு காகிதம் வரும்போதும் இருவரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

இரண்டாயிரத்து ஐந்தில் திலீபனுக்கு இங்கிலாந்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஐந்து வருஷ ஒப்பந்தம். அவன் முதலில் போவது, ஆறு மாதத்தில் அவளை வரவழைப்பது என்று பேச்சு. அவன் போனான். வரவழைப்பதில்தான் சங்கதி மாட்டிக்கொண்டது.

விவாகரத்து வழக்கைப் பார்க்கிற வக்கீல் தேவநாதனே விசா காகிதத்தையும் பார்த்தார். "மனைவின்னு போட்டா மேரேஜ் சர்ட்டிபிகேட் கேப்பாங்க. அது நம்மகிட்ட இல்ல. வாங்கவும் முடியாது, மொதக் கல்யாணம் இன்னும் உசுரோட இருக்குது" என்றார். "ஆனா அந்த ஊருல இன்னொரு வழி வச்சிருக்கான். கல்யாணம் பண்ணிக்காம ஒரே வூட்டுல ரெண்டு வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்துனவங்களும் கூடப் போவலாம். அதுல போடுவம். ஒண்ணா இருந்தீங்கன்னு தெரிஞ்சவங்க ஒரு லெட்டர் தரணும். வூட்டுக்காரம்மா குடுத்தா போதும்."

கல்யாணம் ஆகாமல் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு விசா கொடுக்கிற ஊர் ஒன்று இருக்கிறது என்று கேட்டதும் பூர்ணிமாவுக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. இங்கே வாடகைக்கு ஒரு போர்ஷன் கூடக் கிடைக்காது.

அமிர்தத்திடம் போய், "அத்தை, நாங்க நாலு வருசமா இந்த வூட்டுல ஒண்ணா இருக்கிறோம்னு மட்டும் ஒரு லெட்டர் வேணும்" என்றாள். மட்டும் என்ற சொல்லை அழுத்தித்தான் சொன்னாள்.

"அவ்ளோதானா? நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்றாள் அமிர்தம்.

பார்த்துக்கொண்ட லட்சணம் இரண்டு நாளில் தெரிந்தது. தெரிந்த வாத்தியாரைப் பிடித்து இங்கிலீஷில் டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, பெருமையாகக் கொண்டுவந்து நீட்டினாள். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் சன்னதியில் இவர்களுக்குக் கல்யாணம் நடந்தது, நான் முன்வரிசையில் நின்று அட்சதை போட்டேன், இவர்களைப் போல ஆதர்ச தம்பதி இந்த ஊரிலேயே கிடையாது என்று அதில் இருந்தது.

"அத்தை, நீங்க எங்க கல்யாணத்தப் பாக்கலியே?"

"பாக்கலைன்னா என்ன? எங்கியோ நடந்துதுல்ல? வெறுமன ஒரே வூட்டுல இருக்காங்கன்னு எழுதுனா வெள்ளக்காரன் என்னா நெனைப்பான்? நாலு கேள்வி கேப்பான். இப்ப கேக்க மாட்டான் பாரு."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கு வழக்கு வாய்தாவுக்குப் போய், கோர்ட்டு வராந்தாவில் சாயங்காலம் வரை நின்றுவிட்டு வந்திருந்தாள். அதோடு தாலுக்கா ஆபீஸ் பழக்கம் வேறு. கட்டு எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது, உள்ளே இருப்பதை ஒருத்தனும் படிக்க மாட்டான் என்பது அவள் பார்த்துப் பழகிய உலகம். தேவநாதனிடம் காட்டாமலே அதையும் சேர்த்துக் கட்டி, சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தே தூங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

விசா ஆபீஸில் உட்கார்ந்திருந்த அதிகாரி ஒரு தாள் விடாமல் படித்திருந்தார். கல்யாணம் ஆகவில்லை என்று நீ சொல்கிறாய், ரேஷன் கார்டு மனைவி என்கிறது, வீட்டுக்காரம்மா கல்யாணத்தையே கண்ணால் பார்த்தேன் என்கிறார், ஆகவே நீ சொல்வது எதையும் நம்ப முடியவில்லை என்று மரியாதையான இங்கிலீஷில் மறுத்துவிட்டார்.

தேவநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரேஷன் கார்டுக்கு விளக்கம் எழுதிடலாம்மா. இங்க கல்யாணமாவாதவங்களுக்கு வூடு தர மாட்டாங்கன்னு சொன்னா புரிஞ்சிக்குவான். இந்த லெட்டருக்கு என்னா சொல்றது? எழுதுனவங்களே வந்து, நான் எழுதுனது பொய்யி, இவங்களுக்குக் கல்யாணம் ஆவலைன்னு நோட்டரி முன்னால கையெழுத்துப் போடணும். அது இல்லாம இன்னொரு தடவ அனுப்புனா, அதுவும் திரும்பித்தான் வரும்."

ஞாயிற்றுக்கிழமை திலீபன் போன் செய்தான். "சொல்லிடு பூர்ணி. அத்தை ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

"உங்களுக்கென்ன, அங்க இருந்துகிட்டு சொல்லுவீங்க."

"வேலைய வுட்டுட்டு வந்துடட்டுமா? எனக்கும் இங்க முடியல. ரூமுக்கு வந்தா செவுரோடதான் பேசறேன்" என்றான். குறை சொல்லாத மனுஷனே அப்படிச் சொல்லிவிட்டான். இன்னும் நான்கு வருஷம் அவன் சுவரோடும் இவள் வைக்கோலோடும் பேசிக்கொண்டிருக்க முடியாது. சொல்லித்தான் ஆக வேண்டும். எப்படிச் சொல்வது என்பதிலேயே இரண்டு வாரம் ஓடியது.

அதற்குள் அமிர்தம் வேறொரு ஏற்பாடு செய்துவிட்டாள். தன் கடிதத்தையும் மீறி விசாவை மறுத்தார்களே என்பதில் அவளுக்கு ஆத்திரமான ஆத்திரம். "மனுசங்கிட்ட குடுத்து ஆவலைன்னா சாமிகிட்ட குடுப்போம். கெளம்பு, கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிட்டு வருவம்" என்றாள்.

அந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கொளஞ்சியப்பர் வெறும் சாமி கிடையாது, ஒரு நீதிமன்றமும் கூட. திருட்டு போனால், கொடுத்த பணம் வராவிட்டால், புருஷன் ஓடிப்போனால், ஒரு தாளில் பேர், ஊர், குறை எல்லாம் புகார் மாதிரி எழுதி, சாமி காலடியில் வைத்து எடுத்து, முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட்டு வருவார்கள். வாய்தா கிடையாது. அதனாலேயே அதில் பொய் எழுத எவனுக்கும் கை வராது. பொய்ப் பிராது கட்டினவனையே அது திருப்பி அடிக்கும் என்பார்கள்.

மண்டபத்தில் தூண் ஓரமாக உட்கார்ந்தார்கள். தாளை வாங்கிப் பூர்ணிமாவின் மடியில் வைத்துவிட்டு அமிர்தம் சொல்லச் சொல்ல, அவள் எழுதினாள்.

"மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் சமூகத்துக்கு... எழுதிட்டியா? விருத்தாசலம் டவுன்ல இருக்கிற... திலீபன் சம்சாரம் பூர்ணிமா..."

பேனா நின்றது.

"என்னா, மை இல்லியா?"

தாலுக்கா ஆபீஸுக்குச் சொன்னாள், தேர்தல் ஆபீஸருக்குச் சொன்னாள், கேஸ்காரனுக்குச் சொன்னாள். அங்கெல்லாம் கை தன்பாட்டுக்கு எழுதியது. இங்கே வரவில்லை. இந்தப் பொய்யை இன்னும் ஒரு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக அவளிடம் தெம்பு இல்லை என்பதுதான் நிஜம்.

"அத்தை, நான் அவரு சம்சாரம் இல்ல" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ராஜ்மோகனை, வழக்கை, மதிலோரம் கட்டிய கயிற்றை. அழாமல், ஆஸ்பத்திரியில் நோவைச் சொல்கிறவள் மாதிரி ஒன்று விடாமல் சொன்னாள். அமிர்தம் குறுக்கே பேசவில்லை. அமிர்தம் குறுக்கே பேசாமல் ஒரு பேச்சைக் கேட்டது அநேகமாக அதுதான் முதல் தடவை.

கேட்டு முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எம்பொண்ணு வளைகாப்புல மொத வளையலு நீதான போட்ட?"

"ஆமாம்."

"தெரிஞ்சேதான போட்ட?"

"ஆமாங்க அத்தை."

அம்சவல்லியின் பிள்ளை கொழுகொழுவென்று இரண்டு வயதில் ஓடிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு குறையும் இல்லை. அதையெல்லாம் பூர்ணிமா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கெடுதல் வந்ததா இல்லையா என்பது அமிர்தத்தின் கேள்வி இல்லை என்று அவளுக்குத் தெரியும். நம்பி முன்னால் நிறுத்தியவளை ஏமாற்றினாயே என்பதுதான் கேள்வி.

அமிர்தம் சன்னதியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். "இந்தச் சாமி பேருல நான் பொய் எழுதி, கையெழுத்து வேற போட்டுக் குடுத்தேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "அட்சதை போட்டேன்னு எழுதுனேன்."

பிராது கட்டாமலே பஸ் ஏறினார்கள். ஒரே சீட்டில்தான் உட்கார்ந்து வந்தார்கள். அமிர்தம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் தேவலை என்று பூர்ணிமாவுக்கு இருந்தது. பூ வருவது நின்றது. குழம்பு நின்றது. கலியமூர்த்தி எதிரே வந்தால் வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கிப் போனார். ஆடிப் பதினெட்டு வந்தது. அமிர்தம் தாம்பாளத்தோடு அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். பின்பக்கத்துக் கதவைத் தட்டவில்லை. பூர்ணிமா அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். தலைக்குக் குளித்து, புதுக்கயிறு வாங்கி வைத்து, பேச்சுச் சத்தம் தெருமுனையைத் தாண்டும் வரை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், பிறகு எழுந்து சோறு வடித்தாள்.

நோட்டரி விஷயத்தை அவள் வாய்விட்டுக் கேட்கவே இல்லை. தேவநாதன்தான் போன் போட்டு அமிர்தத்திடம் பேசியிருக்கிறார். கடுமையாகத் திட்டு வாங்கியதாகவும் சொன்னார். அதனால் அடுத்த வாரம், "நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடு, அவங்க வரேன்னுட்டாங்க" என்று அவர் சொன்னபோது பூர்ணிமா நம்பவில்லை.

அமிர்தம் வந்திருந்தாள். கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில், நோட்டரி அறை வாசல் பெஞ்சில், விசேஷத்துக்கு உடுத்துகிற பட்டுக்கரைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். பூர்ணிமா பக்கத்தில் போய் நின்றாள். "அத்தை" என்றாள்.

"ஒனக்காக வரல" என்றாள் அமிர்தம், ரோட்டைப் பார்த்தபடியே. "சாமி பேருல எழுதுன பொய்ய சாவறதுக்குள்ள மாத்தணும். அதுக்கு வந்தேன்."

நோட்டரி வயசானவர். காது கொஞ்சம் மந்தம், அதனால் எல்லாரையும் செவிடர்களாகவே நினைத்துப் பேசுகிறவர். வாசலில் பத்திரம் எழுத வந்த கூட்டம் நின்றிருந்தது. அவர் தாளைத் தூக்கிப் பிடித்து உரக்கப் படித்தார். முன்பு நான் கொடுத்த கடிதத்தில் திருமணத்தைப் பார்த்ததாகச் சொன்னது உண்மை அல்ல. மேற்படி திலீபனும் பூர்ணிமாவும் எனது வீட்டில் நான்கு ஆண்டுகளாகக் கணவன் மனைவி போலச் சேர்ந்து வாழ்ந்தவர்கள். அவர்களுக்குத் திருமணம் ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும். வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எட்டியே பார்த்தாள்.

"புரிஞ்சிதாம்மா?" என்று நோட்டரி கத்தினார். "இவங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா, இல்லியா? வாயால சொல்லணும்."

கோயிலிலிருந்து திரும்பிய பிறகு முதல் தடவையாக அமிர்தம் பூர்ணிமாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. கோபமும் இருந்தது.

"இல்லீங்க" என்றாள். "புருஷன் பொண்டாட்டி இல்ல."

நான்கு வருஷமாக எந்த வார்த்தை காதில் விழுந்துவிடக் கூடாது என்று பூர்ணிமா பயந்து பயந்து செத்தாளோ, அந்த வார்த்தை. இத்தனை வாரமாக எதற்காக ஏங்கினாளோ, அதுவும் அதே வார்த்தைதான். விழுந்ததும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அமிர்தம் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். முத்திரை விழுந்தது.

வெளியே வந்ததும் அமிர்தம் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். "இது போதும்ல? இனிமே வரச் சொல்ல மாட்டாங்களே?"

"போதுங்க. விசா வருமான்னுதான் தெரியல."

"வரும். அதான் நான் இல்லேன்னு சொல்லிட்டேன்ல." குத்திக்காட்டிப் பேசவில்லை அவள். சாதாரணமாகத்தான் சொன்னாள், அதுதான் தாங்க முடியவில்லை. "ஆவணி பொறந்ததும் அம்சவல்லி வூட்டுச் சாமானத்தக் கொண்டாந்து பின்னால போடப்போறோம். அதுக்குள்ள நீ ஒரு எடம் பாத்துக்க."

"சரிங்க அத்தை."

அமிர்தம் நடந்து போனாள். வெயிலுக்குச் சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, ஜங்ஷன் ரோட்டில் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டாள்.

மறுவாரமே தேவநாதன் விசா காகிதங்களை மறுபடி அனுப்பிவைத்தார். புரட்டாசி முடிவதற்குள் விசா வந்துவிட்டது. அப்போது பூர்ணிமா கம்பெனிக்குப் பின்னால் ஒற்றை அறை ஒன்றை, அதற்கும் புருஷன் வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொல்லி வாடகைக்கு எடுத்து, அதில் இருந்தாள். திலீபன் போனில், "அப்பாடா!" என்று கத்தினான். ஸ்வெட்டர் வாங்கு, புளி வாங்கு, சாம்பார்ப் பொடி வாங்கு என்று மூச்சு விடாமல் பேசினான். அவன் சந்தோஷத்தைக் கேட்க அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

கிளம்புகிற அன்றைக்கு அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, பெட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்கு வரும் வழியில் ஆட்டோவை அந்தத் தெருமுனையில் நிறுத்தச் சொன்னாள். வீடு தெரிந்தது. வாசலில் அம்சவல்லியின் பிள்ளை ஒரு தட்டை உருட்டிக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து அமிர்தம் அவனை அதட்டுகிற சத்தம் கேட்டது. இறங்கலாமா என்று ஆட்டோவின் பக்கக் கம்பியைப் பிடித்தாள்.

"எறங்கறீங்களாக்கா?" என்றான் ஆட்டோக்காரன்.

"இல்ல, போங்க" என்றாள். இந்த ஊரில் யாரிடமாவது போயிட்டு வரேன் என்று சொல்லவேண்டும் என்றால் அவளுக்கு இருந்தது அந்த ஒரு வீடுதான். சொல்லாமலே போனாள்.